மூலை கறுத்த கார்டு

எனக்குப் பயம் பிறவியிலேயே உண்டு. இடி இடித்தால் பயம், தந்திக்காரனின் சைக்கிள் மணி கேட்டால் பயம். யாராவது "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தால், அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். இப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்: ஆரியசாலையில் ஒரு மலஞ்சரக்கு மொத்தக் கடையில், வருகிற கடிதங்களைப் படித்து முதலாளிக்குச் சொல்வதும் பதில் எழுதுவதும். தமிழில் வரும், மலையாளத்தில் வரும், இங்கிலீஷில் வரும். மூன்றிலும் மிளகையும் சுக்கையும் பற்றித்தான் இருக்கும். ஆனாலும் தபால்காரர் கடைப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் என் பேனா பாதி வார்த்தையில் நின்றுவிடும்.

நடுநடுவே சாவுச் சேதியும் வரும். திரு-கொச்சி என்று எங்கள் ராஜ்யத்துக்குப் பெயர் இருந்த அந்த நாட்களில் அதற்கு ஒரு முறை உண்டு. கார்டின் நாலு மூலையிலும் கறுப்பு மை தொட்டு அனுப்புவார்கள். வாங்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். அதை வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. வாசலில் நின்றபடியே படித்து, அங்கேயே கிழித்தெறிந்து, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கல்யாணத்துக்கு மஞ்சள், சாவுக்குக் கறுப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட இது தெரியும்.

நான் சொல்ல வந்தது அப்படி ஒரு கார்டைப் பற்றி. அதற்கு முன்னால் குதிரையைச் சொல்ல வேண்டும். குதிரைக்கு முன்னால் என் தம்பியை.

தம்பி என்னைவிட ஐந்து வயது இளையவன். பயத்தை எல்லாம் நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டதால் அவனுக்கு ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்கு வரமாட்டான்; சாலைக் கடைத்தெருவில் ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்தில் குதிரைகளோடு நிற்பான். பத்தொன்பது வயதில் ரயிலேறி மதராசுக்குப் போய், கிண்டியில் பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கிற ஒரு லாயத்தில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். தம்பானூர் ஸ்டேஷனில் வழியனுப்பியது நான் மட்டும்தான். "தோத்துப்போயி வீட்டுக்கு வந்து நிக்கமாட்டேன் அண்ணே, அது மட்டும் நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்பா சர்க்கார் ஆபீசில் கிளார்க். அம்மா போய்ப் பல வருஷமாகியிருந்தது. விஷயம் தெரிந்ததும் அப்பா சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, துவர்த்துத் துண்டால் கையைத் துடைத்தபடி சொன்னார்: "நம்ம குடும்பத்துல ஒருத்தன் குதிரச்சாணி அள்ளப் போயாச்சு. இனி இந்த வீட்டுல அவன் பேரு கேக்கப்பிடாது." அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பெயர் எங்கள் கரமனை வீட்டில் கேட்கவில்லை.

ஆகவே அவன் கடைக்கு எழுதினான். எனக்கும் எழுதவில்லை, "முதலாளி அவர்களுக்கும் கடையில் உள்ள அனைவருக்கும்" என்று எழுதினான். என்னை அப்பாவிடம் மாட்டிவிடக் கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம், வீம்பாகவும் இருக்கலாம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எல்லாம் அவன் பொறுப்பில் விடப்பட்டிருந்த ஒரு குதிரையைப் பற்றித்தான். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. அது என்ன தின்றது, யாரைக் கடித்தது, எந்தப் பந்தயத்தில் ஓடுகிறது. அது ஜெயிக்க ஆரம்பித்ததும் எங்கள் தெருவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மதராசுப் பேப்பர் மறுநாள் ரயிலில்தான் வரும். அதற்காக முதலாளியே கல்லாவை விட்டு எழுந்து வாசலில் வந்து நிற்பார். எதிர்க் காப்பிக்கடைக்காரர் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார். ஜட்கா வண்டிக்காரர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கம், குதிரை விஷயத்தில் எங்களுக்கெல்லாம் அவர்தான் அத்தாரிட்டி. சவாரி கிடைத்தாலும் போகமாட்டார்.

எங்களில் ஒருத்தரும் கிண்டியைக் கண்ணால் கண்டதில்லை. பந்தயம் கட்டியதும் இல்லை. பேப்பரில் ஒரு தடவை அதன் படம் வந்தது. மசியில் குதிரையா எருமையா என்று தெரியாத படம். அதை முதலாளி கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்து, வருகிற வியாபாரிகளிடமெல்லாம் "நம்ம குதிர, பாத்தீயளா" என்பார்.

அந்தக் குதிரைதான் ஒரு பந்தயத்தில் கடைசித் திருப்பத்தில் விழுந்தது. பேப்பரில் நாலே வரி. வலது முன்காலில் எலும்பு விரிசல், நரம்பும் பிசகிவிட்டது. நான் வாசித்து முடித்ததும் எல்லாரும் ஜட்காக்காரரைப் பார்த்தார்கள்.

"குதிரைக்குக் காலு போச்சுன்னா அப்புறம் என்ன வே இருக்கு?" என்றார் அவர். "மனுசன்னா படுக்கப் போட்டு வைத்தியம் பாக்கலாம். இது படுக்காது. மூணு கால்ல நின்னு நின்னு மத்த காலும் போயிரும். நெத்தியில ஒரு வெடி வச்சு முடிச்சிருவானுவ." சொல்லிவிட்டு, இரண்டு விரலைத் தன் நெற்றியிலேயே வைத்துக் காட்டினார்.

மற்றவர்களுக்குக் குதிரை போய்விடுமோ என்று கவலை. எனக்கு அது போனால் தம்பி போய்விடுவானே என்று. லாயத்தில் அவனுக்கு வேறு பிடிப்பு இல்லை. குதிரையைச் சுட்டுவிட்டால் கார்டு எழுத அவனுக்கு விஷயமே இல்லை. தோற்றுப்போய் வீட்டுக்கும் வரமாட்டான். அவ்வளவு பெரிய மதராசில் அவன் எந்தச் சந்துக்குள் போய் மறைவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எனக்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் குதிரையின் நலம்தான்.

அவன் கார்டு அந்த வாரமே வந்தது. வயிற்றுக்கடியில் தடித்த கித்தான் கச்சை கட்டி, லாயத்து உத்தரத்திலிருந்து குதிரையைத் தாங்கி நிறுத்தியிருக்கிறார்களாம். குதிரையின் சொந்தக்காரர் இரண்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறாராம். அதற்குள் கச்சையில்லாமல் தானாக நின்றால் சரி. இல்லையென்றால் சுட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாராம். தம்பி இரவும் பகலும் லாயத்திலேயே கிடந்தான்.

அந்த இரண்டு மாதம் நான் பட்ட பாட்டை என்னத்தைச் சொல்ல! வாரத்துக்கு இரண்டு கார்டு வரும். நான் கடைப் படியில் நின்று வாசிப்பேன், கீழே பத்துப் பதினைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீக்கம் வற்றியது என்றால் ஒரு பெருமூச்சு. கொள்ளு தின்னவில்லை என்றால் ஜட்காக்காரர் உச்சுக் கொட்டுவார். அந்த உச்சு எனக்கு ராத்திரி முழுக்கக் காதில் கேட்கும். முதலாளி நாஞ்சில்நாட்டு வைத்தியர் ஒருவரிடம் முறிவெண்ணெய் வாங்கிப் பார்சல் அனுப்பினார். காப்பிக்கடைக்காரர், குதிரை எழுந்து நின்றால் பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார். ஆளுக்கு இத்தனை தேங்காய் என்று எல்லாரும் பங்கு சொன்னார்கள். என் முறை வந்தபோது முதலாளி தடுத்துவிட்டார்.

"நீ ஒடைக்கப்பிடாதுடே. ஒம் பொண்டாட்டி வாயும் வயிறுமா இருக்கா."

அது வேறு இருந்தது. என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். முதல் தடவை நாலாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை யார் என்ன சொன்னாலும் கேட்டேன். தேங்காய் உடைக்கக் கூடாது, சரி. சவரம் பண்ணக் கூடாது, சரி. தாடியோடு திரிந்தேன். சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, பிணத்தைப் பார்க்கக் கூடாது, சாவுச் சேதியைக் கையால் தொட்டு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலாளி இதில் என்னைவிடக் கறார். "கறுப்புக் கார்டு வந்தா நீ தொடாண்டாம். எங்கிட்ட குடுத்திரச் சொல்லு, நான் பாத்துக்கிடுகேன்" என்று தபால்காரருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

தவணை முடிய எட்டோ ஒன்பதோ நாள் இருந்தது. முதலாளி ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்தார். தபால்காரர் புதிதாக வந்த மலையாளிப் பையன், மழைக்குப் பயந்து ஓட்டமும் நடையுமாக வந்தான். "மதராசீந்நு ஒரு கார்டுண்டு சாரே" என்று கட்டை என் கையில் திணித்துவிட்டு அடுத்த கடைக்கு ஓடினான்.

மேலாக இருந்தது தம்பியின் கார்டு. விலாசம் எழுதிய பக்கம் மேலே. அதன் மூலையில் கறுப்பு. யார் பெயருக்கு என்றுகூடப் பார்க்கவில்லை.

காப்பிக்கடைக்காரர் அதற்குள் வந்துவிட்டார். ஜட்காக்காரரும் வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார்கள், கார்டைப் பார்த்தார்கள். "அய்யோ, கஷ்டம்!" என்றார் காப்பிக்கடைக்காரர்.

"முடிச்சிட்டானுவ வே" என்றார் ஜட்காக்காரர். அவர் கண் கலங்கிவிட்டது. "நாளு முடியுமுன்னயே முடிச்சிட்டானுவ. படுபாவிப் பயலுவ."

"நீரு அதக் கையில வச்சிட்டு நிக்காதீரும். பிள்ளத்தாச்சி இருக்கிற வீடு" என்றார் காப்பிக்கடைக்காரர்.

அவர்களில் ஒருவரிடம் கொடுத்திருக்கலாம். ஜட்காக்காரருக்கு வாசிக்கத் தெரியாது, காப்பிக்கடைக்காரருக்கு மலையாள எழுத்துதான் தெரியும். முதலாளி வரும்வரை படியிலேயே ஒரு கல்லுக்கடியில் வைத்திருக்கலாம். ஏன், நானே திருப்பி ஒரு பார்வை பார்த்திருக்கலாம். ஊரில் இருப்பவன் கடிதத்தையெல்லாம் படிப்பதுதானே என் பிழைப்பு? என்னால் முடியவில்லை. படித்துவிட்டால் அது நடந்துவிடும், படிக்காதவரை வீட்டுக்குள் வராது என்று ஒரு எண்ணம். கார்டை இரண்டாகக் கிழித்தேன், நாலாகக் கிழித்தேன், கடை வாசலில் ஓடுகிற மழைநீர் ஓடையில் போட்டேன். போட்டபோது ஒரு துண்டு மல்லாக்க விழுந்தது. அதில் "அண்ணே" என்று இருந்தது.

அதற்கு முன் எந்தக் கார்டிலும் அவன் அண்ணே என்று எழுதியதில்லை. அந்தத் துண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாலத்தடியில் போய்விட்டது. நான் குனியக்கூட இல்லை. ஜட்காக்காரர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார், கை கழுவினேன்.

அன்று தெருவே செத்த வீடு மாதிரி இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சத்தமில்லாமல் தூக்கினார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே போனதும் அப்பா கேட்டார்.

"என்னடே, மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "அந்தக் குதிர போயிட்டுப்பா."

எந்தக் குதிரை என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. "இன்னும் ஒம்பது நாளு இருந்துதே" என்றார். தட்டை வைத்தபோது சாப்பிட வரவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆபீசில் யாரிடம் பேப்பர் வாங்கிப் பார்த்தாரோ, தவணை விஷயத்தைத் தெருவில் யாரிடம் கேட்டாரோ, எத்தனை நாளாகக் கேட்டாரோ, எனக்குத் தெரியாது.

மூன்று நாள் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதராசுக்கு ரயிலேற நினைப்பேன். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நினைப்பை விட்டுவிடுவேன். அவனுக்கு ஒரு வரி எழுத உட்கார்வேன், என்ன எழுத? குதிரை செத்ததற்கு வருத்தம் என்றா? இருக்கிறாயா என்றா? தபால்காரன் வருகிற நேரம் பார்த்துக் கடைக்குள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

நாலாம் நாள் அவன் வந்தபோது முதலாளி இருந்தார். "மதராசீந்நு" என்ற குரலைக் கேட்டதும் மூட்டைகளுக்குப் பின்னால் நகர்ந்தேன். முதலாளி கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். கறுப்பு இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். கச்சையை அவிழ்த்துவிட்டார்கள். குதிரை நாலு காலிலும் நிற்கிறது. நேற்று முழுக்க நின்றது. டாக்டர் பயமில்லை என்று சொல்லிவிட்டார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் காப்பிக்கடைக்காரர் போட்ட கூச்சலில் சாலைக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அப்போ அந்தக் கறுப்பு?" என்று முதலாளி கேட்டார்.

ஜட்காக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தாரு வே! குளம்பு வெடிக்காம இருக்கத் தாரு தேப்பாவ. கையெல்லாம் அதாத்தான் இருந்திருக்கும். அந்தக் கையோட கார்டப் பிடிச்சிருக்கான். எனக்கு அல்லவா தெரிஞ்சிருக்கணும்! நம்ம ஆளு நிக்கிற குதிரைக்குக் கருமாதி பண்ணிட்டாரே!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன். சாவுக் கார்டுக்கு நாலு மூலையும் கறுப்பாக இருக்கும். அதில் இரண்டு மூலைதான் கறுத்திருந்தது, இரண்டு கட்டைவிரல் பிடித்த இடம். அன்று நாலு என்று சத்தியம் செய்திருப்பேன்.

"அதுல என்ன எழுதியிருந்தானாம்?" என்று காப்பிக்கடைக்காரர் கேட்டார்.

"என்ன எழுதியிருப்பான்? கச்சய அவுக்கப் போறோம்னு எழுதியிருப்பான்" என்றார் முதலாளி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் நூற்றியொரு தேங்காயும் உடைந்தது. நான் தள்ளி நின்று பார்த்தேன்.

வீட்டில் அப்பாவிடம், குதிரை எழுந்துவிட்டது, முன்னே வந்தது தப்புச் சேதி என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றார். அன்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு மட்டும் "அண்ணே" என்ற அந்த ஒரு வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. புதுக் கார்டு பென்சிலால் எழுதியிருந்தது. அவன் எப்போதும் மையில்தான் எழுதுவான். எழுத்தும், படுத்துக்கொண்டு எழுதியது போல, மேலும் கீழுமாகச் சாய்ந்திருந்தது. "முந்தின கார்டு நனைந்துபோயிற்று, என்ன எழுதியிருந்தாய்?" என்று ஒரு வரி கேட்டால் போதும். அன்று கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அவனுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். எழுதினவன் நான்தான். குதிரை ஒரு நாளைக்கு எத்தனை நேரம் நிற்கிறது, எண்ணெய் பிடித்ததா, வலது காலுக்கு வலு வந்ததா, தண்ணீர் குடிக்கிறதா என்று இரண்டு பக்கம் எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதவில்லை. பதில் என்ன வருமோ என்று பயம், அவ்வளவுதான் காரணம்.

அவனும் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுதினான். பென்சிலில்தான். குதிரை பத்தடி நடந்தது. குதிரை வெளியே வந்து வெயிலில் நின்றது. எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் தடவையாக அவன் பெயருக்கே, மூலையில் மஞ்சள் தொட்டு ஒரு கார்டு போட்டேன். அதற்கு அவன் கடைக்குத்தான் பதில் போட்டான்: சந்தோஷம், குதிரை சௌக்கியம்.

கொஞ்ச மாதம் கழித்துக் கடைசிக் கார்டு வந்தது. குதிரை பிழைத்துவிட்டது, ஆனால் இனிமேல் ஓடாது. சொந்தக்காரர் அதை மைசூர்ப் பக்கம் தன் பண்ணைக்கு அனுப்பிவிட்டார். தான் ஊருக்கு வருவதாக எழுதியிருந்தான். வீட்டில் சொன்னேன், அவன் பெயரைச் சொல்லாமல், "திங்கக்கிழமை மதராசு வண்டியில வருகான்" என்று. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தம்பானூர் ஸ்டேஷனுக்கு ஆரியசாலையே வந்துவிட்டது. முதலாளி மாலையோடு வந்தார். வண்டி நிற்பதற்குள் காப்பிக்கடைக்காரர் ஜன்னல் ஜன்னலாக ஓடினார். ஒரு ஜன்னலில் தம்பியின் முகம் தெரிந்தது. மெலிந்திருந்தான், தாடி வைத்திருந்தான்.

"டேய், குதிர எப்பிடி இருக்கு?" என்று முதலாளி கீழே நின்றே கத்தினார்.

"நல்லா இருக்கு மொதலாளி!"

"நொண்டுதா வே?" என்றார் ஜட்காக்காரர்.

"கொஞ்சம் தாங்கும். வெளிய தெரியாது."

"என்ன திங்குது? எட போட்டுதா?" நான்தான் கேட்டேன். வருஷக்கணக்கில் பார்க்காத தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவன் சிரித்தபடியே பதில் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தான். முதலில் ஒரு கக்கக்கட்டை கீழே இறங்கியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒரு கால். வலது பக்கம் வேட்டி முழங்காலுக்குக் கீழே தொளதொளவென்று ஆடியது.

முதலாளியின் கையில் மாலை அப்படியே நின்றது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து யாரோ இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பார்த்தால் அப்பா. ஆபீஸ் கோட்டோடு வந்திருந்தார், எப்போது வந்தாரோ. தூணுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். நேராக வந்து பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த வேட்டி நுனியைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"லேய், காலு எங்கலே?" என்றார். "ஒரு கால எங்கல வச்சிட்டு வந்தே?"

தம்பி அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். "எந்திரிங்கப்பா. எல்லாரும் பாக்காவ."

ஜட்காவில்தான் போனோம். அப்பாவும் தம்பியும் ஒரு பக்கம், நான் எதிரில். கரமனைச் சாலை முழுக்கத் தம்பிதான் பேசினான், அதுவும் யாரோ ஒருத்தன் கதை போல. கச்சையை முதல் தடவை அவிழ்த்த அன்று குதிரை சாய்ந்துவிட்டது. அடிபட்ட காலில் விழுந்தால் தீர்ந்தது என்று இவன் அடியில் போய் முட்டுக் கொடுத்தான். குதிரை தப்பியது. இவன் கால் அதன் கனத்துக்குள் மாட்டிக்கொண்டது. லாயத்துக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பழுத்துவிட்டது, எடுத்துவிட்டார்கள்.

"ஒரு வரி எழுதப்பிடாதா?" என்றார் அப்பா. "நான் செத்தா போனேன்? அங்க ஒத்தையில கெடந்தியாலே?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"ஒரு கார்டு போட்டேனே அண்ணே. ஒம் பேருக்குத்தான். கையக்கூடக் கழுவாம ஆஸ்பத்திரிக் கட்டில்ல வச்சு எழுதினேன். கிடைக்கலியா?"

ஜட்காக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாயை மூடத் தெரியாத மனிதர். அவர் முதுகு விறைத்தது. திரும்பவில்லை, சாட்டையும் எடுக்கவில்லை, குதிரை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இல்லியே" என்றேன். "கிடைக்கல."

"தபால்காரப் பயலுவ" என்றார் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு. சாகிறவரை அந்தத் தபால்காரனோடு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓணத்துக்கு அவன் வந்து நின்றாலும் கதவைச் சாத்துவார். அவன் ஒரு தடவை என்னிடம், "ஞான் கையில் தந்நதல்லே சாரே?" என்று கேட்டான். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன். தெருவில் விஷயம் தெரிந்தவர்கள் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அந்தக் கை கழுவலில் அவர்களுக்கும் பங்கு இருந்தது.

"அதுல என்னலே எழுதியிருந்தே?" என்று அப்பா ஜட்காவிலேயே கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்லப்பா. கால எடுக்கணும்னு சொல்லுதாவ, எனக்குப் பயமா இருக்கு, நீ வா அண்ணேன்னு எழுதியிருந்தேன்." சொல்லிவிட்டு வெளியே பார்த்தான். "நாலு நாளு வாசலயே பாத்துட்டுக் கெடந்தேன். அப்புறம் ஆபரேசனுக்குக் கையெழுத்த நானே போட்டுக் குடுத்திட்டேன். நீ வரலன்னதும், சரி, அப்பா விடல்லன்னு நெனச்சுக்கிட்டேன். எல்லாரும் குதிரயத்தான கேட்டு எழுதியிருந்தீங்க, அதத்தான் பதிலா எழுதினேன்."

அப்பா வாயில் துண்டைப் பொத்திக்கொண்டார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றுப்பாலத்தில் வண்டி ஏறியபோது தம்பி கக்கக்கட்டையால் என் காலை லேசாகத் தட்டினான்.

"போட்டும் அண்ணே, விடு. குட்டி எப்பிடி இருக்கா? அதச் சொல்லு."

நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன்.